அடையாறு மேற்கே ஓடும் நேரம்

மார்கழியில் ஒரு காலை, மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது, சென்னையில் அடையாற்றைக் கடக்கும் திரு.வி.க. பாலத்தின் சுவரை ஒட்டி நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொத்து ஆகாயத்தாமரை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டூர்புரம் பக்கமாக மிதந்து போனது. பாலத்தூணைச் சுற்றித் தண்ணீரும் மேற்கு நோக்கித்தான் சுழித்தது. கடலில் ஏற்றம்.

சென்னைக் கடலில் தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும், அஷ்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது.

சரி, உள்ளே வந்த உப்புத்தண்ணீரும் மேலிருந்து வரும் ஆற்றுத்தண்ணீரும் சந்தித்தால் உடனே கலந்துவிடுமா? வீட்டிலேயே பார்த்துவிடலாம். உயரமான கண்ணாடி டம்ளரில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்து, நிறத்துக்கு இரண்டு சொட்டு பீட்ரூட் சாறு விடுங்கள். அதன்மேல், கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். கீழே சிவப்பு, மேலே தெளிவு, நடுவில் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் அது அநேகமாக அப்படியே இருக்கும். ஒரு லிட்டர் கடல்தண்ணீர் ஒரு லிட்டர் ஆற்றுத்தண்ணீரைவிட ஏறக்குறைய 25 கிராம் கனம். அந்தக் கனத்தை மேலே தூக்கினால்தான் கலக்க முடியும், தூக்குவதற்கு யாராவது உழைக்க வேண்டும்.

ஆறும் கடலும் சேரும் கழிமுகத்தில் அந்த உழைப்பில் பெரும்பங்கு ஓதத்துடையது, அதாவது இந்த ஏற்ற வற்றத்துடையது. ஓடும் தண்ணீரின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது, மேல்பகுதி வேகமாகவே போகிறது, இந்த வித்தியாசத்தில் சுழல்கள் கிளம்பி உப்பை மேலே வாரிக்கொண்டு வருகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஏற்றமும் வற்றமும் ஒரே மாதிரி கலக்குவதில்லை என்பதுதான். வற்றத்தின்போது மேலே இருக்கும் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடுவதால், ஆற்றுப் பக்கத்து நல்ல தண்ணீர் கீழே தங்கிய உப்புத்தண்ணீரின் மேல் போர்வை மாதிரி படர்ந்து அடுக்கை இன்னும் உறுதியாக்குகிறது. ஏற்றத்தில் இதே கதை தலைகீழ்: முந்தி வருவது கடல்தண்ணீர், கனமானது லேசானதின் மேல் ஏறி நிற்க முடியாமல் கவிழ்கிறது, அப்படியே கலக்கிறது.

ஆறு கை ஓங்கினால் நிலைமை மாறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது ஆறு உப்பைத் தள்ளிவிட்டு மேலடுக்காக விரிந்து ஓடும், 2015 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளமென்றால் கழிமுகம் முழுக்க நல்ல தண்ணீர்தான். மற்ற நாட்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். மேலே போகும் ஆற்றுத்தண்ணீர் கீழிருந்து உப்பை இழுத்துக்கொண்டே கடலுக்குப் போகிறது, அந்த இடத்தை நிரப்ப அடியில் கடல்தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த அடிநீரோடுதான் ஆக்சிஜனும் வரும்.

ஆனால் இதெல்லாம் முகத்துவாரம் திறந்திருந்தால்தான். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கோடையில் ஆற்றுக்கு அதை விலக்கும் தெம்பில்லை, முகத்துவாரத்தின் இரு கரையிலும் உள்ள பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவில் மணல் திட்டு போடுகிறது. வாய் குறுகினால் ஏற்றத்தில் உள்ளே வரும் தண்ணீர் குறையும், அது குறைந்தால் வற்றத்தில் மணலை அரித்துக்கொண்டு போகும் வேகமும் குறையும், வாய் இன்னும் குறுகும். அப்புறம் உள்ளே கலக்க ஆள் இல்லை. அடியில் தேங்கிய தண்ணீரின் ஆக்சிஜனைச் சாக்கடைக் கழிவில் பெருகும் பாக்டீரியா தின்று தீர்க்க, அழுகிய முட்டை நாற்றம் பாலம் வரைக்கும் வரும்.

மழைக்கு முன்பு பொக்லைன் வைத்துத் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் வடிய வழி கிடைக்கும், அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஆறு திணறுவது சித்திரை, வைகாசியில்தானே? ஏற்ற நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறுகிற ஆழம் அந்த மாதங்களிலும் முகத்துவாரத்தில் இருந்தால், மணலை அரித்து வெளியே தள்ளும் வேலையில் ஒரு பங்கை வற்றமே தினமும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளும்.