தைமஸ் கட்டி ஈரலில் தெரிந்தால்

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயை அவருடைய மகன் திருகோணமலையில் நான் பார்க்கும் கிளினிக்குக்கு அழைத்து வந்திருந்தார் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பித்தப்பையில் கல் இருக்குமோ என்று எடுத்த ஸ்கானில், ஈரலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்திருந்தது. நெஞ்சின் நடுவே நெடுக ஓடிய தழும்பைக் கண்டு விசாரித்த பிறகே, ஒன்பது வருடங்களுக்கு முன் கொழும்பில் தைமஸ் கட்டி அகற்றப்பட்ட கதை வெளிவந்தது. “அது நெஞ்சில வந்தது, இது வயித்திலதானே டொக்டர்” என்றார் மகன்.

தைமஸ் சுரப்பி மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவமடைந்த பின் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். அதில் தோன்றும் தைமோமா என்ற கட்டி பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து, பரவினாலும் நுரையீரலையும் இதயத்தையும் சூழ்ந்த சவ்வுகளிலேயே பரவும். இரத்தத்தின் வழியே ஈரலை அடைவது அரிது; தைமிக் கார்சினோமா என்ற கடுமையான வகையிலேயே அதைக் கூடுதலாகக் காண்கிறோம். ஆனால் தைமோமா பத்து வருடம் கழித்தும் திரும்பி வரக்கூடியது என்பதால், ஐந்து வருடம் சுகமாக இருந்தவர் கிளினிக்கை நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஈரலில் தெரிவதெல்லாம் புற்றுநோயல்ல. இரத்தநாளக் கட்டிகளும் நீர்க்கட்டிகளும் சாதாரண மனிதர் பலரிடம் உண்டு. எனவே எம்.ஆர்.ஐ. ஸ்கானும், தேவைப்பட்டால் பயொப்சியும் (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்து, பழைய கட்டியின் அறிக்கையோடு ஒப்பிட்ட பின்பே சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச முடியும்.

அதன் பிறகு நாங்கள் பார்ப்பது, வேறெங்கும் நோய் இருக்கிறதா, கட்டிகள் எத்தனை, அவற்றை முழுவதாக எடுத்தால் மிஞ்சும் ஈரல் போதுமா என்பவற்றையே. ஆரோக்கியமான ஈரலில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் மிஞ்சினால் அது மீண்டும் வளர்ந்துவிடும். கீமோ பெற்றுக் களைத்த ஈரலுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். பல சமயங்களில் கீமோவை முதலில் கொடுத்து, கட்டி சுருங்குகிறதா, புதியவை முளைக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கத்தியை எடுக்கிறோம். இந்தக் காத்திருப்பைக் குடும்பத்தார் தாமதம் என்று நினைத்துக் கோபப்படுவதுண்டு. ஈரலின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் நோயை வெட்டுவதால் பெரும்பாலும் பயனில்லை. அங்கே மருந்தே வழி. நோய் அரிதானதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கிடையாது. ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வைத்தியர், கதிரியக்க நிபுணர் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அந்த அம்மாவைக் கூரை விளக்கை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். அரை நிமிடத்துக்குள் இடது இமை மெல்லச் சரிந்தது. தைமோமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்கு மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி இருக்கும். சுரப்பியை எடுத்த பின்னரும் அது நீடிக்கலாம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு இது தெரியாமற் போனால், தசையைத் தளர்த்தும் மருந்தோ ஜென்டாமைசின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக்கோ மூச்சையே பாதிக்கக்கூடும்.

கொழும்புக்கு அனுப்பும் கடிதத்தில் இமை சரிந்ததைத்தான் முதல் வரியில் எழுதினேன். பழைய பயொப்சி அறிக்கையைத் தேடி எடுக்க மகனுக்கு நான்கு நாள் பிடித்தது. பிஸ்கட் டின்னுக்குள், காணி உறுதிகளுக்கு அடியில், ஓரம் செல்லரித்துக் கிடந்ததாம். கட்டியின் வகை எழுதியிருந்த வரி தப்பியிருந்தது.