செதில் வேண்டாம், ஏடு இருக்கிறது

"மொறுமொறுப்பான, செதில் செதிலான பிஸ்கட்டை வீட்டிலேயே கீறலிலிருந்து செய்வது எப்படி?" இப்படித் தொடங்கும் ஒரு சமையல் குறிப்பைப் போன வாரம் அக்கா எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு படம். தட்டில் கருகலும் பழுப்புமாக எட்டு வட்டங்கள், பார்த்தாலே பல்லுக்குப் பயம் வரும். "சொன்னபடிதான் செஞ்சேன். மொறுமொறுப்பே வரலையேன்னு இன்னும் பத்து நிமிஷம் அடுப்பிலே விட்டேன். என்னடா தப்பு?" என்று கேட்டிருந்தாள்.

தப்பு அக்காவிடம் இல்லை. அந்தத் தலைப்பு வரியிலேயே மூன்று பிழைகள் இருக்கின்றன: மொறுமொறுப்பு, செதில், கீறல். ஆங்கிலத்திலிருந்து அதை மொழிபெயர்த்தவர் பண்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, அகராதியை மட்டும் பார்த்திருக்கிறார். கீறலுக்கு அப்புறம் வருகிறேன். செதிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதை ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை பார்த்தாயிற்று. இப்படியே விட்டால் அதுதான் சரியான சொல் என்று நிலைத்துவிடும்.

ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ஃப்ளேக்கி. ஃப்ளேக் என்றால் மெல்லிய, தட்டையான துணுக்கு. ஸ்காண்டிநேவிய மொழிகளின் பக்கமிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. நார்வே மொழியில் இதற்கு உறவான சொல் நீரில் மிதக்கும் பனிக்கட்டிப் பாளத்தைக் குறிக்கும். பனி, சுவர்ப் பூச்சு, வெந்த மீன், வறண்ட தோல், வெண்ணெய் சேர்த்துச் சுட்ட மாவுப் பண்டம் என்று எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. தமிழ் அப்படிச் சமாளிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

பிஸ்கட்டுக்கும் இரண்டு வரி. லத்தீனில் 'இருமுறை வெந்தது' என்று பொருள்படும் தொடர், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பிஸ்கட் ஆயிற்று. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக ஈரம் போகச் சுட்ட ரொட்டியின் பெயர் அது. பிரிட்டனில் அந்தப் பெயர் மொறுமொறுப்பான வில்லைக்கு நின்றுவிட்டது. அமெரிக்காவிலோ அது வேறு பண்டத்துக்குப் போய்விட்டது: ஈஸ்ட் இல்லாமல், பேக்கிங் பவுடரோ மோரும் சோடாவுமோ உப்பவைக்கும் சின்ன, மெத்தென்ற ரொட்டி. மொறுமொறு வில்லையை அங்கே குக்கி என்பார்கள், அது டச்சு மொழியிலிருந்து போனது. ஃப்ளேக்கி பிஸ்கட் என்று குறிப்புகள் சொல்வது இந்த அமெரிக்கப் பண்டத்தை. 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 முதல் 15 நிமிடம், ஒரே ஒரு முறை வேகும். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். உள்ளே மெத்தென்றுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அக்கா காத்திருந்த அந்தப் பத்து நிமிடம் 'மொறுமொறுப்பான' என்ற ஒற்றைச் சொல்லால் வந்தது.

அந்தப் பண்டத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சொல் தானாகவே கிடைத்துவிடும். குளிர்ந்த வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மாவில் போட்டு, பட்டாணி அளவுத் துண்டுகள் மிஞ்சும்படி விரல் நுனியால் கலக்க வேண்டும். வெண்ணெய் கரைந்துவிடக் கூடாது, பொடியாகிவிடவும் கூடாது. குளிர்ந்த மோர் ஊற்றி, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் கூட்டி, தட்டையாக்கி, கடிதம் போல மூன்றாக மடித்து, மறுபடி தட்டையாக்கி, மறுபடி மடிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டலிலும் அந்த வெண்ணெய்த் துண்டுகள் நசுங்கி மெல்லிய தகடாகின்றன. மூன்று முறை மூன்றாக மடித்தால் கணக்குப்படி 27 படலம். அடுப்பில் வைத்ததும் வெண்ணெய் உருகுகிறது, அதிலுள்ள நீர் ஆவியாகிறது. வெண்ணெயின் எடையில் சுமார் 16 விழுக்காடு நீர்தான். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவி மேல் மாவையும் கீழ் மாவையும் தள்ளிப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டுப் போகிறது. வெந்த பிஸ்கட்டை இரண்டு கையால் பிரித்துப் பாருங்கள். வெட்டு விழாமல், புத்தகம் திறப்பது போலப் பக்கவாட்டில் திறக்கும். ஒவ்வொரு படலமும் மற்றதை விட்டுப் பாதி விலகி, பாதி ஒட்டி நிற்கும்.

இதற்குப் போய்ச் செதில் என்கிறார்கள்.

செதில் என்றதும் மீன்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கத்தியால் சுரண்டும்போது தெறித்துக் கையிலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பளபளப்பு. அடுத்து பாம்பு. அதற்கடுத்து, தோல் மருத்துவரிடம் "செதில் செதிலாக உதிர்கிறது டாக்டர்" என்று சொல்கிறோமே, அந்தத் தோல். தின்பண்டத்தைப் புகழ்ந்து சொல்லும் இடத்தில் இந்த மூன்றையும் வாசகர் தலைக்குள் கொண்டுவந்து விடுவதா?

ஆனால் அருவருப்பு மட்டும் என் வாதம் இல்லை. அது மட்டும் என்றால் பழக்கத்தில் தேய்ந்துவிடும் என்று விட்டுவிடலாம். செதில் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். உடம்பின் மேல். அது போர்வை. கீழே இருக்கும் சதை வேறு, மேலே இருக்கும் செதில் வேறு. செதிலை நீக்கிவிட்டால் மீன் மிஞ்சும். நம் பிஸ்கட்டில் படலங்களை நீக்கினால் ஒன்றும் மிஞ்சாது, ஏனென்றால் அது மேலிருந்து கீழ்வரை முழுக்கவும் படலம்தான். 'செதிலான பிஸ்கட்' என்று படிப்பவர், மேலே சொரசொரப்பாக ஏதோ எழும்பி நிற்கும் என்று எதிர்பார்ப்பார். மேல்பக்கம் வழவழப்பாக வந்தால் தப்பாகிவிட்டது என்று நினைப்பார்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு பெயரும் தன் வினையைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். செதிலோடு வரும் வினைகள் உதிர்வதும் சுரண்டுவதும்தான். அக்காவுக்கு வந்த அதே குறிப்பில் பாருங்கள்: "வெண்ணெயும் மாவும் செதில்களாக உதிரும்வரை நன்கு தேய்க்கவும்." 'உதிரும்வரை நன்கு தேய்க்க' என்றால் கை என்ன செய்யும்? புட்டுக்கு மாவு விரவுவது போலப் பொடியாகும்வரை தேய்க்கும். அப்படித் தேய்த்தால் வெண்ணெய் மாவின் ஒவ்வொரு துகளையும் பூசிக்கொண்டுவிடும், தகடாக நசுங்க வெண்ணெய்த் துண்டே இருக்காது. வாயில் போட்டால் கரைந்து உதிரும் பண்டம் கிடைக்கும். அது வேறு வகை, அதற்கும் ஆங்கிலத்தில் வேறு பெயர் உண்டு. ஒரு சொல் பிசகியதில் செய்முறையே தலைகீழாகிவிட்டது.

செதிலுக்காக வாதாடுகிறவர்கள், அதற்குச் சிராய், சீவல் என்ற பொருளும் உண்டே, செதுக்குதலோடு உறவுடைய சொல்லாயிற்றே என்பார்கள். உண்மைதான். மரம் செதுக்கும்போது தெறிப்பதும் செதில்தான். ஆனால் அங்கேயும் கருவி பட்டுப் பெயர்ந்து விழுவதுதான் செதில். இங்கே எதுவும் பெயர்ந்து விழவில்லை, ஆவி உள்ளிருந்து மெல்லத் தூக்குகிறது. காய்ந்த சுவர்ப் பூச்சுக்குப் பொருக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது. தானியத்தை நசுக்கித் தட்டையாக்கினால் அவல். சாக்லேட்டைச் சீவினால் சீவல். இத்தனை இருக்க, ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் எல்லாவற்றையும் செதில் என்ற ஒரே ஆணியில் மாட்டுவது என்ன நியாயம்?

நான் சொல்வது ஏடு. பால் காய்ந்து ஆறும்போது மேலே படிகிறதே, பாலேடு, அந்த ஏடு. விரலால் தூக்கினால் கிழியாமல் எழும்பி, கொஞ்சம் மடங்கி, கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். பூவின் இதழுக்கும் ஏடு என்றே பழந்தமிழில் பெயர். எழுதும் ஓலைக்கும் அதுதான். மூன்றுக்கும் பொது, மென்மையும், ஒன்றிலிருந்து ஒன்று பிரியும் குணமும். பிஸ்கட்டுக்கு வேண்டியதும் அந்த இரண்டேதான். கூட வரும் வினைகளையும் பாருங்கள்: ஏடு படியும், ஏடு கட்டும், ஏடு பிரியும். "உருகிய வெண்ணெயின் ஆவியில் ஏடு பிரியும்" என்று எழுதினால் செய்முறையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஏடு பெயரடை போல முன்னால் வந்தால் ஏட்டு என்று ஆகும். ஏட்டுக் கல்வி, ஏட்டுச் சுரைக்காய் என்ற பழக்கத்தால், 'ஏட்டு பிஸ்கட்' என்றால் காகிதத்தில் மட்டும் இருக்கிற பிஸ்கட் என்று படும். அதனால் அப்படி ஒட்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் பெயரடையாக இருப்பது தமிழிலும் பெயரடையாகத்தான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வினையை முன்னே விடுங்கள்: ஏடு பிரியும் பிஸ்கட். இல்லையா, ஏடேடாகப் பிரியும் பிஸ்கட். துண்டு துண்டாக, கொத்துக் கொத்தாக என்று இரட்டித்துச் சொல்வது நமக்கு மூச்சு விடுவது போல. அதை விட்டுவிட்டு 'செதில்தன்மை வாய்ந்த' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அடுக்கு என்ற சொல்லும் புழங்குகிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. குரோசான்ட் போல, வெண்ணெயை ஒரே பாளமாக வைத்து, அளந்து மடித்து, எண்ணி அடுக்கும் பண்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் அடுக்கு என்பதில் யாரோ ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஒழுங்கு இருக்கிறது. 'அடுக்கு பிஸ்கட்' என்றால் நடுவே கிரீம் வைத்து ஒட்டியதைத்தான் நினைக்கத் தோன்றும். இங்கே வெண்ணெய்த் துண்டு விழுந்த இடத்தில் ஏடு, விழாத இடத்தில் இல்லை. ஒழுங்கற்றதுதான் இதன் அழகு.

சரி, பிஸ்கட்டையும் தமிழாக்க வேண்டாமா என்று கேட்பார்கள். ஈரட்டி என்று ஒரு சொல் இருக்கிறது. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் அதில் பிறந்தவை. ஈர் அட்டி, இருமுறை அட்டது. லத்தீன் மூலத்தை அப்படியே தமிழில் வார்த்திருக்கிறார்கள், கட்டுமானத்தில் குறை சொல்ல இடமில்லை. மாச்சில் என்று இன்னொன்று, மாவால் செய்த சில்லு. இரண்டையும் மதிக்கிறேன். மொறுமொறு வில்லைக்கு மாச்சில் எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் ஒரே முறை வெந்து, மெத்தென்று, இரண்டு விரல் உயரம் எழும்பி நிற்கும் ரொட்டியை ஈரட்டி என்றால் முதல் பாதியே பொய். மாச்சில் என்றாலும் சில்லு எங்கே? சொல்லின் பிறப்பைப் பெயர்ப்பது ஒரு வேலை, பொருளைப் பெயர்ப்பது இன்னொரு வேலை. அடுப்படியில் நிற்பவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். தூய்மைக்காக உழைப்பவர்கள் பக்கம்தான் நான். ஆனாலும் இந்த ஒரு பண்டத்துக்குப் பிஸ்கட் என்றே எழுதி, முதல் வரியில் "சின்ன பன் போல மெத்தென்று இருக்கும்" என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அக்காவின் மாவும் வெண்ணெயும் வீணாகியிருக்காது.

கீறலிலிருந்து என்பது இதைவிட மோசம். ஓட்டப் பந்தயத்தில் தரையில் கீறிய கோடுதான் அந்த ஆங்கில வழக்கின் கீறல். சலுகையாக முன்னே நிற்காமல் அந்தக் கோட்டிலிருந்தே ஓடத் தொடங்குகிறவர் போல, கடையில் வாங்கிய கலவை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்வது என்று பொருள். தமிழில் கைப்பட என்று ஒரு சொல் போதும். கைப்படச் செய்த பிஸ்கட். "மாவிலிருந்து எல்லாம் நாமே" என்றாலும் போதும். அதே குறிப்பில் "வெண்ணெயை மாவுக்குள் வெட்டவும்", "மாவை அதிகம் வேலை செய்யாதீர்கள்" என்றும் இருந்தன. விரல் நுனியால் கலக்கவும், அதிகம் பிசையாதீர்கள் என்று எழுத யாருக்கும் புலமை தேவையில்லை. ஒரு தடவை கையில் மாவு ஒட்டியிருந்தால் போதும். சமையல் குறிப்பை மொழிபெயர்க்கிறவர் அதை ஒரு முறையாவது செய்துபார்க்க வேண்டும் என்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். நேரமில்லை என்றால், செய்தவரிடம் "உள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்கவாவது வேண்டும்.

இதே செதில் பிஸ்கட்டோடு நிற்கவில்லை என்பதுதான் கவலை. மீன் சுடும் குறிப்பு ஒன்றில் "முட்கரண்டியால் குத்தினால் மீன் செதில் செதிலாக வரும்வரை வேகவிடவும்" என்று இருந்தது. கழுவும்போதே சுரண்டி எறிந்த செதில் வெந்த பிறகு எங்கிருந்து வரும்? அவர்கள் சொல்ல வந்தது, சதை தொட்டதும் இதழ் இதழாகப் பிரிய வேண்டும் என்று. அக்காவுக்கு இதையும் எழுதி அனுப்பினேன். பிஸ்கட் குறிப்பையும் நானே திருத்தி, பட்டாணி அளவு வெண்ணெய், மூன்று மடிப்பு, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வட்டம் வெட்டும்போது அச்சைத் திருகாதே, திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஏடு பிரியாது என்று சேர்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்துபார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.