அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள்

உடம்பில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், மருந்து தடவும் முன் விரலால் அழுத்திப் பாருங்கள். கொசுக்கடியும் ஒவ்வாமைத் தடிப்பும் பெரும்பாலும் அழுத்தினால் வெளுக்கும், விரலை எடுத்ததும் சிவக்கும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் மறையாது. கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினால் இன்னும் நன்றாகத் தெரியும். கறுத்த, மாநிறத் தோலில் இவை எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமை, உதட்டின் உட்பக்கம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் தன் மகளை அழைத்து வந்தார். கொலுசு அழுத்தும் இடத்தைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய புள்ளிகள். வெள்ளி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. முழங்காலில் கன்றியிருந்தது சரி, ஓடியாடும் பிள்ளை. முதுகிலும் தொடையின் உட்பக்கத்திலும் எப்படிக் கன்றும்? ரத்தம் எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், 14,000. குறைந்தது 1,50,000 இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் சளிக்காய்ச்சல் வந்திருந்தது. அப்படி வந்துபோன பிறகு சில குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தி தன் பிளேட்லெட்டுகளையே அழித்துவிடும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திற்குள் தானாகவே சரியாகிறது. ஆனாலும் ரத்தப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம் என்பதால், 'உடம்புச் சூடு' என்று இளநீர் கொடுத்துக் காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது.

மழைக்காலத்தில் டெங்குவும் உண்டு. காய்ச்சல் விட்டதும் வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்தான கட்டமே பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

வயதானவர்களின் முன்கையில் லேசாக இடித்தாலே ஊதாத் திட்டு வரும். தோல் மெலிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஆனால் இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், தலையில் அடிபட்டிருந்தால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

மலம் கறுப்பாகப் போவது, வாய்க்குள் ரத்தக் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம் மூன்றும் விடியட்டும் என்று விடக்கூடியவை அல்ல. ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலம் வர 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். புள்ளிகள் கண்ணில் பட்டால் பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.