கிராக் காலத்து நியூயார்க்: போதைப்பொருள் எந்த வழியாகக் குற்றமாகிறது?

1988 மார்ச் முதல் அக்டோபர் வரை நியூயார்க் நகரின் சில காவல் நிலைய எல்லைகளில் நடந்த 414 கொலைகளை ஓர் ஆய்வுக் குழு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. குழுவின் தலைவர் பால் கோல்ட்ஸ்டீன். கோப்பு மூடிய பிறகு போய்க் கேட்டால் பாதித் தகவல் கிடைக்காது என்பதால், விசாரணை நடக்கும்போதே போலீஸாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 'கிராக்' எனும் கொக்கைன் கட்டி ஊரை ஆட்டிப்படைத்த காலம் அது. கிராக் அடித்தவன் வெறிபிடித்துக் கொல்கிறான் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. நம் நாளிதழ்களின் 'கஞ்சா போதையில் வெறிச்செயல்' தலைப்புகளும் அதே ரகம்தான்.

414இல் 218 கொலைகளுக்கு, அதாவது பாதிக்கு மேல், போதைப்பொருளோடோ மதுவோடோ தொடர்பு இருந்தது. என்ன தொடர்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோல்ட்ஸ்டீன் 1985லேயே மூன்று வழிகளைப் பிரித்து வைத்திருந்தார். போதை தலைக்கேறிச் செய்யும் குற்றம் ஒன்று. அடுத்த வேளைக்குச் சரக்கு வாங்கக் காசு தேடிச் செய்வது இன்னொன்று. மூன்றாவது, வியாபாரத் தகராறு: யார் எந்தத் தெருவில் விற்பது, யார் பாக்கி வைத்தது, யார் காட்டிக்கொடுத்தது. 218ஐ இப்படிப் பிரித்தபோது வியாபாரத் தகராறில் விழுந்தவை 162. போதை தலைக்கேறியவை 31. காசுக்காக நடந்தவை 8. மீதி 17இல் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் கலந்திருந்தன. அந்த 31லும் பெரும்பாலானவற்றில் கொலைக்குப் பின்னால் இருந்தது மது. உரிமம் பெற்ற கடையில் பகிரங்கமாக விற்கும் பொருள். அரசே மதுக்கடை நடத்தும் மாநிலத்துக்காரர்கள் இந்த எண்ணிடம் சற்று நின்றுவிட்டுப் போவது நல்லது.

சந்தை ஏன் இவ்வளவு பேரைக் கொன்றது? கிராக்கின் தன்மையே பாதிப் பதில். அதுவரை கொக்கைன் என்பது பணக்காரர்கள் கிராம் கணக்கில் வாங்கிய தூள். கிராக்கைச் சிறு கட்டிகளாக, ஐந்து பத்து டாலருக்கு விற்கலாம். புகைத்த சில நொடிகளில் மூளைக்குப் போகும். சில நிமிடங்களில் இறங்கிவிடும். இறங்கியதும் மறுபடி வேண்டும். ஒரே ஆள் ஒரே இரவில் பலமுறை வாங்க வருவான். ஆகவே தெருமுனைக்குத் தெருமுனை விற்பனையாளர்கள் தேவைப்பட்டார்கள். சட்டைப்பையில் ரொக்கமும் சரக்குமாக நிற்பவனை யாராவது வழிப்பறி செய்தால் அவன் போலீஸிடம் போக முடியாது. பாக்கியை வசூலிக்க நீதிமன்றமும் கிடையாது. கையில் துப்பாக்கி வந்தது இப்படித்தான்.

இதில் இளையவர்கள் எங்கே வருகிறார்கள் என்பதை 1995இல் குற்றவியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் பிளம்ஸ்டீன் விளக்கினார். விற்பவர்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை என்று சட்டம் இறுகியதும், பெரியவர்கள் உள்ளே போனார்கள்; அந்த இடங்களுக்குச் சிறுவர்கள் எடுக்கப்பட்டார்கள். பிடிபட்டாலும் சிறுவனுக்குத் தண்டனை குறைவு, கூலியும் குறைவு, துணிச்சல் மட்டும் அதிகம். விற்கும் பையனிடம் துப்பாக்கி இருந்தால், அதே பள்ளியில் படித்த, கிராக்கைத் தொட்டே பார்க்காத பையனும் பயத்தில் ஒன்று வாங்கினான். முன்பு கைகலப்பில் முடிந்த சண்டை இப்போது பிணத்தில் முடிந்தது. 1985க்கும் 1992க்கும் இடையில் அமெரிக்காவில் 18 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கியால் செய்த கொலைகள் இரு மடங்குக்கு மேல் கூடின. துப்பாக்கி இல்லாமல் செய்தவை கூடவில்லை. பையன்களின் மூளையைப் போதைப்பொருள் கெடுத்ததுதான் காரணம் என்றால் கத்திக்குத்தும் சேர்ந்தே ஏறியிருக்க வேண்டும் அல்லவா?

பணமாவது கொட்டியதா? சிகாகோவில் கிராக் விற்ற ஒரு கும்பலின் கணக்குகளை ஸ்டீவன் லெவிட்டும் சுதிர் வெங்கடேஷும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். தெருவில் நின்று விற்ற அடிமட்டப் பையன்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிதான், சில சமயம் அதுகூட இல்லை. என்றாவது மேலே போய்விடலாம் என்ற கனவில் நின்றார்கள்.

உயிரைப் பணயம் வைத்து இந்தக் கூலிக்கு ஏன் நிற்கிறான் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வயதில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் குற்றம் செய்வது பதின்வயதின் கடைசியில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது. சுகத்தையும் பரிசையும் தேடத் தூண்டும், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் பாதைகள் பதின்வயதில் கூர்மையாகின்றன; பின்விளைவை எண்ணி நிறுத்தும் மூளையின் முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெவ்வேறு வயதினரைக் கார் ஓட்டும் வீடியோ கேம் ஆட வைத்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது, பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட மிக அதிகமாக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. முதல் சிகரெட்டும் முதல் திருட்டும் பெரும்பாலும் ஒரே சேக்காளிக் கூட்டத்தில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எது முதலில் வருகிறது? டெல்பர்ட் எலியட் அமெரிக்க இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சில்லறைத் திருட்டு போன்ற சிறு தப்புகள் முன்னால் வந்தன. மதுவும் கஞ்சாவும் பின்னால் வந்தன. நியூசிலாந்தின் டனீடனில் 1972–73இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வயது ஏற ஏறக் குற்றத்திலிருந்து தானாக விலகவேண்டிய இளைஞனை, போதைப் பழக்கம் விலகவிடாமல் பிடித்து வைக்கிறது. என் கணிப்பில் தொடக்கத்தைவிட இந்த நீடிப்பில்தான் போதையின் பங்கு பெரிது.

கொலையில் வெறும் 8ஆக இருந்த 'காசுக்காக' என்ற வழி, திருட்டில் பெரிதாகிவிடும். சுவிட்சர்லாந்து இதை நேராகவே சோதித்துப் பார்த்தது. சூரிச்சில் ஹெராயின் ஊசிக்கூட்டம் நிறைந்திருந்த பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவை 1992இல் மூடினார்கள். கூட்டம் அடுத்த இடத்துக்குப் போனது. 1994இல், வேறு சிகிச்சை எதுவும் பலிக்காதவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஹெராயினையே கொடுக்கத் தொடங்கினார்கள். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில், சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் வருமானம் தேடியவர்கள் 69 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தார்கள். பொருள் அதேதான், அதைத் தேடி ஓடும் ஓட்டம்தான் நின்றது.

நம் ஊரிலும் எல்லாம் ஒரே வழியில் நடப்பதில்லை. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிக விகிதத்தில் பயன்படுத்துவது முகரும் பொருள்களை மட்டும்தான்: 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனுக்கும் தின்னருக்கும் எந்தக் கும்பலும் தேவையில்லை, கடையிலேயே கிடைக்கும். அங்கே மருத்துவரும் பள்ளியும்தான் வேலை செய்ய வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவும், சிறு அளவில் பிடிபட்ட அடிமை தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. கஞ்சாப் பொட்டலமும் மாத்திரையும் கைமாறும் இடத்தில் கதை வேறு. அங்கே பையன் சந்தையின் கடைசிக் கண்ணி. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 78ஆவது பிரிவில், குழந்தையை வைத்து போதைப்பொருளோ மதுவோ விற்கவோ கடத்தவோ செய்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. பிளம்ஸ்டீன் விவரித்த ஆளெடுப்பைக் குறிவைக்கும் பிரிவு இது. ஆனால் அது வேலை செய்ய, பிடிபட்ட பையனோடு விசாரணை நின்றுவிடாமல் அவனிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியவர் வரை போக வேண்டும்.