கூட்டுப் பட்டாவிலேயே நின்றுவிடும் பங்கு நிலங்கள்

பத்திரம் பதிவானதோடு நிலம் பிரிந்துவிட்டது என்று நம்பிப் பல ஆண்டுகள் கழித்து வருபவர்களையே ஒரு வழக்கறிஞராக நான் அதிகம் சந்திக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரம் உரிமையைப் பிரிக்கிறது. ஆனால் நில அளவர் அளந்து, உட்பிரிவு செய்து, அதாவது ஒவ்வொரு பங்குக்கும் தனி எண் கொடுத்து, வட்டாட்சியர் உத்தரவிடும்வரை வருவாய்த் துறையின் அ-பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டிலும் சிட்டாவிலும் புலப்படம் என்னும் அளவை வரைபடத்திலும் அது ஒரே புல எண்ணாக, எல்லார் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவே நிற்கும்.

மூன்று சகோதரர்கள் 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை ஆளுக்கு 40 சென்டாகப் பிரித்துப் பத்திரம் எழுதியிருந்தார்கள். நடுச் சகோதரர் தம் பங்கை விற்க முனைந்தபோது, வாங்க வந்தவர் தனிப் பட்டா கேட்டார். உட்பிரிவுக்கு விண்ணப்பித்தால், பத்திரத்தில் "பொதுவில் 40 சென்ட்" என்று மட்டும் இருந்தது. வடபுறமா தென்புறமா என்பதோ, நான்கு எல்லையோ, நீள அகலமோ இல்லை. எந்த இடத்தை அளப்பது? எல்லாரும் சேர்ந்து மறுபடி பத்திரம் எழுதுவதே வழி என்றானது. அதற்குள் மூத்தவர் காலமாகியிருந்ததால், வெளியூர்களில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய மகள்களும் கையொப்பமிட வேண்டியிருந்தது. "சீர் செய்து அனுப்பிவிட்டோமே, அவர்கள் எதற்கு?" என்று அன்றும் ஒருவர் கேட்டார். தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்குச் சம பங்கு என்பது 1956 முதலே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ளது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை 2005 திருத்தம் தந்தது. சீர்வரிசை அதற்கு ஈடாகாது.

அளவிலும் கவனம் வேண்டும். பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஏர்ஸில் பேசும். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், மேற்சொன்ன நிலம் சுமார் 48.5 ஏர்ஸ். பழைய பத்திரத்தின் பரப்பை அப்படியே பகிர்ந்து எழுதிவிட்டு, புலப்படத்தில் அதைவிடக் குறைவாக இருப்பது தெரியவரும்போது, அந்தக் குறைவு யார் தலையில் விழுவது என்பதே வழக்காகிறது. ஆகவே முதலில் அளந்து வரைபடம் போட்டு, பங்காளிகள் அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகு பத்திரம் எழுதுங்கள் என்றே சொல்கிறேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலோ இணையத்திலோ அளிக்கலாம். அது நிராகரிக்கப்பட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பங்காளிகளுக்குள் உரிமையே தகராறில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள்கூட மறப்பது கிணற்றையும் வண்டித் தடத்தையும். உள்பங்குக்குப் போகும் தடம் முன்பங்குக்காரரின் தனிப் பட்டாவுக்குள் அடங்கிவிட்டால், அண்ணன் தம்பி காலத்தில் பேச்சில்லாமல் கடந்துபோகும். நிலம் வேற்றாள் கைக்கு மாறியதும் தடத்தை மறித்து வேலி எழும். பத்திரத்தில் தடத்தின் அகலத்தை எழுதி, அதையும் கிணற்றையும் எல்லார் பெயரிலும் பொது உட்பிரிவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.