அப்சர்வர் பார்வையாளர் அல்ல

நிரலாக்கத்தில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான தயார் தீர்வு வடிவங்களை ‘டிசைன் பேட்டர்ன்’ என்பார்கள். அவற்றில் ‘அப்சர்வர்’ என்பதைத் தமிழாக்கிய ‘பார்வையாளர் வடிவமைப்பு முறை’ என்ற தலைப்பை முதலில் பார்த்தபோது சிரித்தேன். இரண்டாவது தடவை கடந்து போய்விட்டேன். இப்போது மூன்றாவது தடவை, அதுவும் புதிதாக நிரல் எழுதப் பழகுபவர்களுக்கான பாடத்தில். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

அப்சர்வர் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். அதன் வேரான ‘செர்வாரே’ என்பதற்குக் காத்தல், பேணுதல் என்று பொருள். விழிப்போடு கவனிப்பதும் ஒரு விதியைக் கடைப்பிடிப்பதும் ஆங்கிலத்தில் ஒரே வினைக்குள் வந்தது அப்படித்தான். நிரலாக்கத்தில் இந்தப் பெயர் நிலைபெற்றது நான்கு பேர் சேர்ந்து எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலால். 1994-இல் வந்த அந்நூலில் உள்ள 23 பேட்டர்ன்களில் அப்சர்வரும் ஒன்று. அதற்கு முன்பே ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில் இதே ஏற்பாடு இருந்தது. அங்கே ‘டிபெண்டன்ட்’, அதாவது சார்ந்திருப்பது, என்று அழைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான பெயர். போகட்டும்.

வேலை என்ன என்று பார்த்தால் சொல் தானாகத் தெளியும். ஓர் ஆப்ஜெக்ட், அதாவது தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த நிரல் அலகு, தன்னிடம் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. தன் நிலை மாறியதும் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்கிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியுடன் வரும் இடைமுகங்களைப் பாருங்கள். ஓர் ஆப்ஜெக்டிடம் எந்தெந்த மெத்தட், அதாவது அழைக்கக்கூடிய செயல், இருக்க வேண்டும் என்று சொல்பவை அவை. அறிவிக்கும் தரப்புக்கு அட்டாச், டிட்டாச், நோட்டிஃபை என்று மூன்று மெத்தட். அப்சர்வருக்கு அப்டேட் என்ற ஒன்றே ஒன்று. பார்ப்பதற்கென்று ஒரு மெத்தட்கூட அதனிடம் கிடையாது. யாராவது அழைத்தால்தான் அதற்கு உயிர்.

இதைப் போய்ப் பார்வையாளர் என்றால்? முதல் குழப்பம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இணையதளம் கட்டப் பயன்படும் வெப் ஃபிரேம்வொர்க்கில் தரவைக் கையாளும் மாடல், திரையில் காட்டும் வியூ, இரண்டையும் இணைக்கும் கன்ட்ரோலர் என்று மூன்று உண்டு. வியூவுக்குப் ‘பார்வை’ என்று அதே மொழிபெயர்ப்பாளர்களே எழுதிவிட்டார்கள். அப்புறம் ‘பார்வையாளர்’ என்றதும் படிப்பவர் வியூவோடு தொடர்புடையது என்றுதானே நினைப்பார்? மாடலில் ஒட்டிக்கொள்ளும் ஒன்றைத் திரையில் போய்த் தேடுவார். இரண்டாவது இன்னும் மோசம். அதே 23-இல் ‘விசிட்டர்’ என்றொரு பேட்டர்னும் இருக்கிறது. வருகை தருபவரையும் நாம் பார்வையாளர் என்றுதானே சொல்கிறோம்? பார்வையாளர் நேரம், பார்வையாளர் பதிவேடு எல்லாம் அந்தப் பொருளில் வருபவைதாம். ஒரே நூலின் இரண்டு பேட்டர்னுக்கு ஒரே பெயரா? தேர்தல் செய்திகளில் ‘பார்வையாளர்’ என்று வருகிறதே என்பார்கள். அங்கே அவர் உண்மையிலேயே நேரில் போய்ப் பார்க்கிறார் ஐயா.

‘கண்காணிப்பாளர்’ கட்சி இன்னொன்று. கண்காணிப்பவருக்கு அதிகாரம் உண்டு, தவறு கண்டால் தட்டிக் கேட்பார். அப்சர்வர் யாரையும் அதட்டுவதில்லை. அதிகாரத்தைக்கூட விட்டுவிடலாம், கண்காணித்தல் என்ற வினைதான் ஆளைக் கவிழ்க்கிறது. என்னுடன் வேலை பார்த்த ஓர் இளைஞர் லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் யூசர் மாடலுக்கு அப்சர்வர் எழுதி, மாற்றம் சேமிக்கப்பட்டதும் அழைக்கப்படும் அப்டேட்டட் மெத்தடில் பதிவேட்டுக் குறிப்பு சேர்த்திருந்தார். ஒவ்வொன்றாகச் சேமித்தபோது எல்லாம் சரி. தரவுத்தளத்துக்கு அனுப்பிய ஒரே வினவலில் எல்லாப் பயனர்களின் நிலையையும் மொத்தமாக மாற்றியபோது ஒரு குறிப்புகூட விழவில்லை. அரை நாள் தேடினார். “அண்ணா, அப்சர்வர் டேபிளைக் கண்காணிக்கிறதுதானே? எப்படி விட்டுப்போகும்?” என்று கேட்டார்.

அது தரவுத்தள டேபிளைக் கண்காணிக்கவே இல்லை. மொத்த மாற்றத்தில் மாடல் ஆப்ஜெக்ட் எதுவும் நினைவகத்துக்கு வருவதில்லை, வினவல் நேராகத் தரவுத்தளத்துக்குப் போகிறது. அழைத்துச் சொல்ல ஆளே இல்லாதபோது அப்சர்வருக்கு எப்படித் தெரியும்? ஜாங்கோ என்ற பைதான் ஃபிரேம்வொர்க்கிலும் இதே கதைதான். மொத்தமாக அப்டேட் செய்தால் சேமித்த பிறகு அனுப்பப்படும் அறிவிப்பான சிக்னல் கிளம்பாது. ஆனால் ஜாங்கோக்காரர்கள் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் தரப்புக்கு ‘ரிசீவர்’, பெறுநர், என்று பெயர் வைத்திருப்பதால் அங்கே யாரும் இவ்வளவு ஏமாறுவதில்லை என்பது என் எண்ணம்.

தனித்தமிழ் நண்பர்கள் ‘உற்றுநோக்கி’ என்கிறார்கள். வேரெல்லாம் சுத்தம், ஆனால் பொருள் நேர் எதிர். கண் இமைக்காமல் திரும்பத் திரும்ப மாறிவிட்டதா, மாறிவிட்டதா என்று பார்ப்பதற்கு நிரலாக்கத்தில் ‘போலிங்’ என்று வேறு பெயர் இருக்கிறது. அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே அப்சர்வரையே வைக்கிறோம்!

நான் பயன்படுத்துவது ‘அவதானி’. வடமொழி வேர் என்று உடனே மூக்கைச் சுளிக்க வேண்டாம். அவதானம் என்றால் கவனம். ஒரே நேரத்தில் எட்டு விஷயங்களில் கவனம் வைக்கும் அட்டாவதானம் செய்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் பாட்டுக்குச் செய்யுளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார். முதுகில் விழும் பூக்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை, விழுந்தது உறைக்கும்போது ஒன்று கூட்டிக்கொள்வார். எறியாத பூவை அவர் எண்ணப்போவதுமில்லை. அப்சர்வரின் குணத்தை இதைவிடப் பக்கத்தில் தொடும் தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. ஒரே குறை, அப்சர்வர் தன் வேலையை முடிக்கும்வரை அழைத்தவர் காத்திருக்க வேண்டும். பூ எறிபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் புதிதாக ஒன்றை உருவாக்கியதும் அழைக்கப்படும் கிரியேட்டட் மெத்தடுக்குள் மின்னஞ்சல் அனுப்பும் வேலையை நேரடியாக வைத்தால் பக்கம் மந்தமாகிறது. அதைப் பின்னால் செய்துகொள்ள வரிசையில் போடச் சொல்வது வேறு பாடம்.

எனக்கு எரிச்சல் தருவது சொல்கூட இல்லை. பத்து வரி நிரலை ஓட்டிப் பார்க்காமல், அகராதியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்க்கும் பழக்கம். நான் சொன்ன அந்தப் பாடத்தில் அறிவிக்கும் தரப்பான சப்ஜெக்டை என்னவென்று பெயர்த்திருக்கிறார்கள் தெரியுமா? எழுவாய். ‘எழுவாய் தன் பார்வையாளர்களுக்கு அறிவிக்கும்’ என்று ஒரு முழு வாக்கியம். பயனிலை எங்கே என்று பக்கம் முழுக்கத் தேடினேன்.