தீக்காய வார்டில் சோடியம் ஏன் ஏறுகிறது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கமிருந்து பெரிய தீக்காயத்தோடு பாலக்காட்டுக்கு வருகிறவர்களில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய. தீக்காயப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என்னிடம் நாலைந்து நாள் கழிந்ததும் அவர்கள் கேட்பது இதுதான்: "நாங்க உப்பே குடுக்கலீங்களே சிஸ்டர், ட்யூப்ல நீங்க விடறதுதானே போகுது. அப்புறம் எப்படீங்க சோடியம் ஏறும்?"

நியாயமான கேள்வி. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 155 என்று வந்தால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது தண்ணீர்க் குறைவு. ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பது போலத்தான்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? உடம்பு ஈரத்தைக் காப்பாற்றுவதே தோலால். அது வெந்துபோன இடத்தில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தீக்காய மருத்துவத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: உடம்பில் வெந்த இடத்தின் சதவீதத்தோடு 25-ஐக் கூட்டி, சதுர மீட்டரில் அளந்த உடம்பின் பரப்பால் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் ஆவியாகும் மில்லி தோராயமாகக் கிடைக்கும். 40 சதவீதம் வெந்த, 1.6 சதுர மீட்டர் பரப்புள்ள ஒருவருக்கு மணிக்கு 104 மில்லி. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர். யூரின் பையைப் பார்த்தால் இது தெரியாது. காய்ச்சல் இருந்தால் இன்னும் கூடும்.

முதல் நாள் ஏற்றும் டிரிப்பிலும் உப்பு இருக்கிறது. ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 130 மில்லிமோல் சோடியம், நார்மல் சலைனில் 154. முதல் நாள் எவ்வளவு டிரிப் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் பார்க்லண்ட் கணக்குப்படி, 60 கிலோ ஆளுக்கு 40 சதவீதக் காயம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்கு 9,600 மில்லி. அது இல்லாமல் உயிர் நிற்காது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெந்த தோல் வழியாக நீர் போகப் போக, உள்ளே போன உப்பு தங்கிவிடுகிறது. காயம் ஆற ட்யூப் வழியாகக் கொடுக்கும் புரதச் சத்து யூரியாவாக மாறி, சிறுநீரில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் அதே கதை. புரதத்தைக் குறைக்கவும் முடியாது, தண்ணீரைத்தான் கூட்ட வேண்டும். முதல் வாரத்தில், மூன்றாம் நாளுக்குப் பிறகு சோடியம் ஏறுவதை அதிகம் பார்ப்பது இதனால்தான்.

நமக்குத் தாகம் எடுத்தால் குடித்துவிடுவோம். வாயில் சுவாசக் கருவியின் குழாயோடு மயக்க மருந்தில் கிடப்பவர் கேட்க முடியாது, கைக்குழந்தையும் கேட்காது. சோடியம் ஏற ஏற அரைத்தூக்கம், சிடுசிடுப்பு, பிதற்றல், கைகால் துடிப்பு, கடைசியில் வலிப்பு என்று வரும். "ஊசி மயக்கம்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். நேற்றுப் பேசியவர் இன்று மந்தமாக இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நோய்த்தொற்று தொடங்கும்போதும் சோடியம் ஏறலாம் என்பதால் டாக்டர் காயத்தையும் திரும்பப் பார்ப்பார்.

"நாளைக்கே இறக்கிடுங்க" என்று கேட்காதீர்கள். சில நாளாக ஏறிய சோடியத்தை ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிமோல் அளவுக்குத்தான் இறக்குவோம். மூளை அதற்குள் அந்த உப்புக்குப் பழகியிருக்கும். வேகமாக இறக்கினால் வீங்கி வலிப்பு வரும். 160-ல் இருக்கும் 60 கிலோ ஆணுக்கு உடம்பில் குறைந்திருக்கும் தண்ணீர் சுமார் ஐந்து லிட்டர். தினமும் ஆவியாகிப் போவதையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடல் வேலை செய்தால் ட்யூப்பில் வெறும் தண்ணீர் விடுவதே நல்லது. முடியாதபோது டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைத் தண்ணீர் டிரிப், ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே.

இன்னொன்று எனக்கு மனசு வலிக்கிற விஷயம். தண்ணி குடுத்தா புண்ணு நீர் கோத்துக்கும் என்று, கேட்டுக் கேட்டுத் தவிக்கிறவருக்கு வாயை நனைக்கக்கூட மறுக்கிறார்கள். அது தவறு. ஆனால் எங்களுக்குத் தெரியாமல் கொடுப்பதும் ஆபத்து. குழாய் எடுத்த புதிதில் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். கேட்டுவிட்டுக் கொடுங்கள், எத்தனை டம்ளர் என்று சொல்லுங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்று ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், நீர் வற்றிய உடம்புக்குள் உப்பைத்தான் கொட்டுகிறோம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பாதித்திருந்தால் அது வினையாகும். அதையும் கேட்டே கொடுங்கள்.

எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அப்புறம் வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர், இல்லாவிட்டால் திருச்சூர் என்று மாறுகிறோம். முதல் நாள் டிரிப்பில் பாதி, காயம் பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை. அதனால் மாற்றும்போது கடிதத்தோடு டிரிப் சார்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தீப்பட்ட மணி, எந்த டிரிப் எத்தனை பாட்டில், சிறுநீர் எவ்வளவு, கடைசி சோடியம் எவ்வளவு, எந்த மணிக்கு எடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அது கையில் இல்லையென்றால் அங்கே இருப்பவர்கள் ஊகித்துத்தான் டிரிப் ஓட்ட வேண்டியிருக்கும்.